நான் இடம் மாற்றிய சிவப்பு ஓடு

ரோமருடைய சட்டி கழுவப் போகிறேன் என்று தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் முதன்முதலாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. தமிழ்ப் பூசை முடிந்து, றோல்ஸும் தேநீருமாக நின்றுகொண்டிருந்தோம். மன்னார்க்காரர் ஒருவர், வாய் திறந்தால் மண்டபமே சிரிக்கும், கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் அண்ணை, எங்கட ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்ச கூட்டமல்லோ அது? அவங்கட எச்சில் சட்டியையோ கழுவப் போறியள்?"

பக்கத்தில் நின்றவர் விடவில்லை. "ஆண்டவருக்குத் தீர்ப்புச் சொன்ன அவங்கட ஆள் கையை மட்டும் கழுவிப்போட்டுப் போட்டான். சட்டி கழுவ ஆள் கிடைக்கேல்லை. இப்பதான் அண்ணை ஆப்பிட்டிருக்கிறார்."

அன்றிலிருந்து நான் ரோமர் அண்ணை ஆனேன். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. இந்தக் கதையில் நான் செய்ததற்கெல்லாம் அடியில் கிடப்பது அந்தப் பிடித்தம்தான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தவன் இல்லை. பிரான்சில் ஒன்பது வருடம் உணவகச் சமையலறை, பிறகு லண்டனில் அப்டன் பார்க் பக்கம் ஒரு தமிழ் முதலாளியின் மொத்த வியாபாரக் களஞ்சியத்தில் இருபது வருடத்துக்கு மேல். பின்னேரங்களில் நகரின் நடுவே ஒரு வங்கிக் கட்டடத்தில் துப்புரவு ஷிப்ட். அந்தக் கட்டடத்தின் நிலவறையில், கண்ணாடிக்குப் பின்னால், இடுப்பளவு உயரத்தில் ரோமர் காலத்துச் சுவர்த் துண்டு ஒன்று நின்றது. கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. ஒரு நாள் துடைத்தபடியே பக்கத்திலிருந்த பலகையை வாசித்தேன். பிறகு நூலகம், இலவசச் சொற்பொழிவு, பழைய புத்தகக் கடை என்று போய், முதுகு விட்டுப்போய் வேலையை நிறுத்தியபோது எனக்கு வீட்டில் ஒரு புத்தகத் தட்டு நிறைய ரோமர் இருந்தார்கள். ஆட்கள் சொல்லுகிற நல்ல கதைகளைக் குறித்து வைக்கிற ஒரு சின்னக் கொப்பியும் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். மேலே அந்த இருவரும் சொன்னதும் அதில் உண்டு.

ரோமர் ஓர் ஊரைப் பிடித்தால் நடுவில் ஒரு பொதுச் சதுக்கம் போடுவார்கள். சந்தை, வழக்கு, கொடுக்கல் வாங்கல், ஊர்க்கதை எல்லாம் அங்கேதான். லண்டனிலும் போட்டார்கள். முதலில் சின்னதாக ஒன்று, அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கோயில். ஊர் கொழுத்ததும் அந்தக் கோயிலை இடித்து, பழைய சதுக்கத்தையும் விழுங்கி, பல மடங்கு பெரிதாக இன்னொன்று கட்டினார்கள். இப்போது எல்லாமே அலுவலகக் கட்டடங்களுக்கு அடியில். ஒரு கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் இடைவெளியில்தான் தொல்லியல்காரர் உள்ளே இறங்கித் தோண்ட முடியும். அப்படித் தோண்டிய ஓர் இடத்திலிருந்து வந்த பானை ஓடுகளைக் கழுவத் தொண்டர்கள் தேவை என்று ஓர் அறிவித்தல் பார்த்தேன். எழுதிப் போட்டேன். கூப்பிட்டார்கள்.

வேலை நடந்தது கிழக்கு லண்டனில் ஒரு பெரிய சேமிப்புக் கட்டடத்தில், செவ்வாய்க்கிழமைகளில். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பேசின், இளஞ்சூட்டுத் தண்ணீர், பழைய பற்தூரிகை. மண் அப்பிய ஓட்டை எடுத்து, உடைந்த விளிம்பை முதலில் தேய்த்து, பிறகு முகத்தைத் தேய்த்து, செய்தித்தாள் விரித்த தட்டில் காயவைக்க வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு. அந்த ஓடு எந்த மண் அடுக்கிலிருந்து வந்தது என்ற எண் அதில் இருக்கும். பொறுப்பாக இருந்தவர் முப்பத்தைந்து வயதுக்குள்ளான ஆங்கிலேயப் பெண். முதல் நாளே சொன்னார்: சீட்டு இல்லாத ஓடு, பெயர் தெரியாத ஊரில் இறங்கிவிட்ட குழந்தை மாதிரி, எதுவும் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குப் போகக்கூடாது. நான் அதையும் கொப்பியில் எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் பங்கில் எல்லோருக்கும் அவர் அக்கா. எழுபத்திரண்டு வயது. வால்தம்ஸ்டோவில் ஒரு கவுன்சில் பிளாட்டில் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் இருபது வருடம் வேலை செய்தவர். புருசன் செத்து இரண்டு வருடம். ஆங்கிலம் குறைவு. "வீட்டில டீவியோட கதைச்சுக் கதைச்சு அது எனக்கு மறுமொழி சொல்லத் தொடங்கிட்டுது தம்பி, என்னையும் எங்கையாவது கூட்டிக்கொண்டு போ" என்றார். போனார். நான் மொழிபெயர்த்தேன். முதல் நாளே எங்களையெல்லாம் தோற்கடித்தார்.

"துணியில இருக்கிற ரத்தக் கறையையே எடுத்தனான், இந்த மண் எனக்கு ஒரு மண்ணோ?"

பொறுப்பாளர் அவர் கழுவிய ஓடுகளைப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக யாரும் கழுவியதில்லை என்று சொன்னதை நான் தமிழில் சொன்னபோது, அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து செவ்வாய் என்றால் காலை எட்டு மணிக்கே பஸ் தரிப்பில் நிற்பார்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

ஒரு மேசை. அக்கா ஒரு பக்கம், நான் மற்றப் பக்கம். அக்காவுக்குக் கொடுத்த பை ஒரு தளத்துக்கு அடியில் பரவியிருந்த மண்ணிலிருந்து வந்தது. அந்தத் தளம் இடிபட்ட சின்னக் கோயிலின் முற்றமா, பின்னால் வந்த பெரிய சதுக்கத்தின் ஒரு மூலையா என்று யாருக்கும் தெரியாது. தளத்துக்கு அடியில் அகப்படும் ஓடு எந்தக் காலத்ததோ, தளம் அதற்குப் பிறகுதான் போடப்பட்டிருக்க வேண்டும். ஆகவே அந்தத் தட்டுத்தான் அதைச் சொல்லும். எனக்குத் தந்த பை பக்கத்தில் வெட்டிய ஒரு குப்பைக்குழியினுடையது.

அக்கா கழுவி முடித்துத் தேநீர் ஊற்றப் போனார். அவருடைய தட்டில் சாம்பல் நிறமும் மண்ணிறமுமான ஓடுகளுக்கு நடுவே பளபளவென்று ஒரு சிவப்பு ஓடு. பிரான்சிலிருந்து கடல் தாண்டி வந்த விலையான பாத்திரம் அது, என்னைப் போல. விளிம்பில் இலை வரிசை. என் தட்டிலும் ஒரு சிவப்பு ஓடு, அதிலும் இலை வரிசை. எடுத்து இரண்டையும் பக்கத்தில் பிடித்தேன். பொருந்தியது போல இருந்தது.

களஞ்சியத்தில் எங்கள் முதலாளி ஒன்று சொல்லுவார். யாராவது வாடிக்கையாளர் தேங்காய்ப்பால் டின்னை அரிசித் தட்டில் விட்டுவிட்டுப் போனால், "அந்த டின் அழுகுது, உங்களுக்குக் கேக்கேல்லையோ?" என்று கத்துவார். இருபது வருடம் அந்தக் குரலைக் கேட்ட கை இது. இடம் மாறிய சாமானைக் கண்டால் மூளையைக் கேட்காமல் எடுத்து அதன் இனத்தோடு வைத்துவிடும். யாரோ மாறிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். என் சிவப்பு ஓட்டை எடுத்து அக்காவின் தட்டில், மற்றதற்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்தபோது மனதுக்கு நிறைவாகக்கூட இருந்தது. அக்கா இரண்டு கோப்பையோடு திரும்பி வந்து, "என்ன தம்பி, சிரிச்சுக்கொண்டு இருக்கிறாய்?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை அக்கா" என்றேன்.

நாலு கிழமை கழித்துப் பொறுப்பாளர் எங்களைக் கூப்பிட்டார். பானை ஓடு பார்க்கும் நிபுணர் ஒருவர் வந்து பார்த்திருக்கிறார். அந்தத் தட்டில் இரண்டு சிவப்பு ஓடுகள். ஒரே பாத்திரம் இல்லை, ஒரே காலமும் இல்லை. ஒன்று மற்றதைவிட இரண்டு தலைமுறை பிந்தியது. தோண்டியவர்கள் அந்த இடத்திலேயே எண்ணி எழுதிய தாளில் தளத்துக்கு அடியில் சிவப்பு ஒன்று, குழியில் சிவப்பு ஒன்று என்றுதான் இருக்கிறது. எந்த ஒன்று எங்கே என்று இல்லை. பழையது தளத்தினுடையது என்றால் அது கோயில் முற்றம். பிந்தியது என்றால் பெரிய சதுக்கம்.

"யாராவது தெரியாமல் மாற்றி வைத்திருந்தால் சொல்லுங்கள். எனக்குக் கோபமில்லை. எது எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரிந்தால் போதும்" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். நான் அக்காவுக்காகத் தமிழில் சொன்னேன்.

விடை என் வாயில் இருந்தது. பிந்தியது என் தட்டிலிருந்தது. ஒரு வசனம். ஆனால் அதற்கு முந்தின கிழமைதான் அந்தப் பெண் என்னிடம், புதிதாக வரும் தொண்டர்களுக்கு நீங்கள்தான் முறையெல்லாம் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். வருகிற ஞாயிறு பங்கு மண்டபத்தில் ரோமர் சதுக்கம் பற்றி நான் படம் போட்டுப் பேசுவதாகவும் இருந்தது. எதுவும் தட்டு மாறக்கூடாது என்பதுதான் அதில் முதல் படம்.

நான் பேசாமல் நின்றேன். அக்கா பேசினார்.

"என்ர தட்டுத்தானே தம்பி அது. என்ர கண்தான் பிழை விட்டிருக்கும். போன மாதம் உப்புக்குப் பதிலாச் சீனியைப் போட்டனான் எண்டால் பாரன். நான்தான் எண்டு சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன்.

அதை நான் நல்ல ஆங்கிலத்தில், மரியாதையாக, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். சீனியைக்கூட விடவில்லை. பொறுப்பாளர் அக்காவின் கையைப் பிடித்து, பரவாயில்லை, எது உங்கள் தட்டில் முதலில் இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயோ, ஞாபகம் வரேல்லையே" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

அந்தத் தளத்தின் காலம் தெரியாது என்றுதான் இனி எழுத வேண்டும் என்றார் அந்தப் பெண். முகத்தில் கோபமில்லை. களைப்பு இருந்தது. மூன்று குளிர்காலம் அவர் அந்த அகழ்வுக் குழியில் நின்றவர்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். "உனக்கும் வெக்கக்கேடு தம்பி, நீ கூட்டிக்கொண்டு போன ஆள் எல்லே" என்றார். நான் சொன்னது இது: "விடுங்கோ அக்கா, ஆருக்கும் நடக்கிறதுதானே." அடுத்த செவ்வாய் அவர் பஸ் தரிப்பில் இல்லை.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். பாவங்களைச் சொல்லும்போது, கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்தி வந்தேன், ஒருமுறை பொய் சொன்னேன் என்று நடுவில் வைத்து ஓட்டிவிட்டேன். சுவாமியும் நிறுத்திக் கேட்கவில்லை. பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மரியே செபம். மண்டபத்துப் பேச்சும் நடந்தது. கை தட்டினார்கள். முதல் படத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தேன். யாருக்கும் அது தெரியாது.

அப்படியே விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என்னைப் பற்றி நான் இப்போது அறிந்தது அதுதான்.

பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அதே றோல்ஸ், அதே தேநீர். அக்கா ஓரக் கதிரையில் இருந்தார். மன்னார்க்காரர் பகிடியாக, "என்ன அக்கா, ரோமரோட கோபமோ? செவ்வாய்க்கிழமை போறேல்லையாம்?" என்று கேட்டார்.

"என்னைக் கலைச்சுப் போட்டாங்கள்" என்றார் அக்கா, சிரித்தபடி. பிறகு சிரிப்பை நிறுத்தி என் பக்கம் திரும்பினார். "பிளாட்டைக் குடுக்கப் போறன் தம்பி. மகளோட இருக்கக் குட்மேய்ஸுக்குப் போறன். அவ வைத்தியரிட்ட ஞாபகச் சோதனைக்கும் எழுதிப்போட்டா. ஓட்டை வேற தட்டில வைச்சிட்டு ஞாபகமில்லை எண்டு நிண்டவள், நாளைக்கு காஸ் அடுப்பைத் திறந்துபோட்டு ஞாபகமில்லை எண்டு நிப்பள் எண்டு சொல்லுறா. பிழையில்லைத்தானே? அவவுக்குப் பயம்."

"எப்ப அக்கா?"

"வாற மாதம். கவுன்சிலுக்குக் கடிதம் எழுதியாச்சு. இன்னும் அனுப்பேல்லை."

அந்த பிளாட் அவரும் புருசனும் முப்பது வருடம் இருந்த வீடு. சந்தைத் தெருவில் மீன்காரன் அவருக்கென்று தலை எடுத்து வைப்பான். அதெல்லாம் போவது நான் வாயை மூடிக்கொண்டு நின்ற அரை நிமிடத்தால்.

அன்று பின்னேரமே வால்தம்ஸ்டோவுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்து, "என்ன தம்பி, சாப்பிட்டியே?" என்று கேட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அந்த ஓட்டை மாத்தினது நான். நீங்கள் தேத்தண்ணி ஊத்தப் போன நேரம். இரண்டும் ஒரே சட்டி எண்டு நினைச்சு உங்கட தட்டில வைச்சனான்."

அக்கா கேட்டார்: "அப்ப அவ கேக்கேக்க?"

"தெரியும் அக்கா."

"நான் என்ர கண் எண்டு சொல்லேக்க?"

"தெரியும்."

"அதை நீ இங்கிலீசில சொன்னனீ."

"ஓம்."

அக்கா கதிரையில் போய் இருந்தார். விரல் விட்டு எண்ணினார். "எத்தினை கிழமை?"

"ஒன்பது."

"ஒன்பது கிழமையா நான் காஸை மூடிப்போட்டு, கட்டிலுக்குப் போய், எழும்பி வந்து பாத்து, திரும்பப் போய், திரும்ப எழும்பி வந்து பாத்தனான். முழங்கால் வீங்கிக் கிடக்கு, பார்." பாவாடையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். "உப்புக்குச் சீனி போட்டது ஆருக்கும் நடக்கும். இது எனக்கு நடக்கேல்லை. எனக்கு உள்ளுக்குத் தெரியும், நான் மாத்தேல்லை எண்டு. ஆனால் தெரிஞ்சதையே நம்ப ஏலாமல் போச்சு. அது என்ன மாதிரி இருக்கும் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது அக்கா" என்றேன்.

"போனை எடு" என்றார். "மகளுக்கு அடி. என்னட்டைத் தராதை. நீயே சொல்லு."

சொன்னேன். மகள், "அங்கிள், ஆர் யு சீரியஸ்?" என்று மட்டும் கேட்டார். "ஓம் பிள்ளை" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அந்தச் செவ்வாய் சேமிப்புக் கட்டடத்துக்கு மூவராகப் போனோம். அக்கா தன் மகளைக் கூட்டி வந்திருந்தார். "இண்டைக்கு இங்கிலீசுக்கு இவ இருக்கிறா" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பொறுப்பாளர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். இரண்டு ஓடுகளையும் எடுத்து வந்து மேசையில் வைத்தார். எது என்று கேட்டார். காட்டினேன். உறுதியாகத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ஆனால் மூன்று மாதம் கழித்து ஒருவர் வாயால் சொல்வதை மண் சொன்ன மாதிரி எடுக்க முடியாது என்றார். தளம் பெரும்பாலும் கோயில் முற்றம் என்று எழுதுவார். அன்றே சொல்லியிருந்தால் அந்தப் "பெரும்பாலும்" தேவைப்பட்டிருக்காது. இதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தந்து, நடந்ததை என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்தத் தாள் ஓடுகளோடு ஒரே பெட்டியில் இருக்குமாம். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டுத் திறந்தால் வாசிப்பார்களாம். எழுதினேன். எந்தத் திகதி, எந்த மேசை, எந்தத் தட்டிலிருந்து எந்தத் தட்டுக்கு, ஏன் என்று எல்லாம். தெளிவாகத்தான் எழுதினேன். அக்கா தாளை எடுத்து மகளிடம் கொடுத்து, வாசித்துச் சொல்லச் சொன்னார்.

மகள் வாசித்தார். திரும்ப ஒருமுறை வாசித்தார்.

"அங்கிள், அம்மா செய்யேல்லை எண்டு இதில ஒரு லைன்கூட இல்லை."

உண்மை. ஓட்டைப் பற்றி எழுதியிருந்தேன், தட்டைப் பற்றி எழுதியிருந்தேன், என் தவறைப் பற்றி அழகாக எழுதியிருந்தேன். அக்கா பழி ஏற்றதும், அதை நான் மொழிபெயர்த்ததும் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. மறைக்க நினைக்கவில்லை. அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

அக்கா பேனையை என் பக்கம் தள்ளினார்.

"எழுது. அவ செய்யேல்லை, அவவுக்கு நல்ல ஞாபகம், எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லேல்லை எண்டு எழுது. என்ர பேரை முழுசாப் போடு."

எழுதினேன். இடம் போதாமல் கடைசி வரி தாளின் ஓரத்தில் மேல்நோக்கி வளைந்து ஏறியது. கையெழுத்துப் போட்டேன். மகள் அதைத் தன் போனில் படம் எடுத்தார், வைத்தியருக்குக் காட்ட. அக்கா கவுன்சிலுக்கு எழுதிய கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்து, அங்கிருந்த குப்பைக் கூடையில் போட்டார். பொறுப்பாளர் அவரிடம், வருகிற செவ்வாய் வருவீர்களா என்று கேட்டார். மகள் தமிழில் சொன்னார்.

"இவர் வாறாரோ எண்டு கேள்" என்றார் அக்கா.

மகள் கேட்கும் முன்னே நான் சொன்னேன், இல்லை, நான் வரமாட்டேன் என்று. அந்த ஒன்றை மட்டும் யாரும் என்னிடம் கேட்காமலே சொன்னேன்.